உப்பில்லாத மாதுளை

மாதுளம்பழம் உரிப்பதில் எனக்கு இருக்கும் தேர்ச்சி, ஐம்பது வயதைத் தாண்டிய இந்த வாழ்க்கையில் நான் சம்பாதித்த மற்ற எல்லாத் திறமைகளையும் விட மேலானது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் சரக்கு அனுப்பும் பிரிவைக் கவனித்துக்கொள்கிறவன் நான். நிறையப் புத்தகம் படிக்கிறவன் என்று தெருவில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் எங்கள் தெரு முனையைத் தாண்டியதில்லை. மாதுளை உரிக்கிறவன் என்ற பெயர் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பஸ் ஏறிப் போயிருக்கிறது.

காரணம் எங்கள் சம்பந்தியம்மா.

எங்கள் மகள் கல்லூரியில் கூடப் படித்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பையனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். கோயிலுக்கு அடுத்த தெரு. ஆண்டாளைப் பற்றிப் பேசும்போது தங்கள் வீட்டுப் பெண் இப்போதுதான் வெளியே போனாள் என்கிற மாதிரி பேசும் வைணவக் குடும்பம். நாங்கள் சேத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வாங்கவில்லை என்றால் வீட்டில் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் அழுது, கொஞ்சம் முறைத்து, கடைசியில் கல்யாணம் நடந்தது. பந்தியில் சம்பந்தியம்மா எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார் என்று யாரும் கவனிக்கவில்லை. கல்யாணத்தில் யார் யாரைக் கவனிக்கிறார்கள்?

எங்கள் பக்கம் தாலி கட்டியதோடு உறவு முடிந்துவிடாது. சம்பந்தி வீட்டார் வந்து நம் வீட்டில் கை நனைக்க வேண்டும். இலை போட்டு, சோறு வைத்து, குழம்பு ஊற்றி, அவர்கள் அதைப் பிசைந்து தின்ன வேண்டும். அதுவரைக்கும் அவர்கள் தெரிந்தவர்கள், அவ்வளவுதான். பஸ்ஸில் பார்த்தால் சிரிக்கலாம்.

சம்பந்தியம்மா முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது என் மனைவி வெங்காயம், பூண்டு இல்லாமல், புதுப் பாத்திரத்தில், காலையிலிருந்து நின்று சமைத்து வைத்திருந்தாள். சம்பந்தியம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வீட்டைப் பாராட்டினார். கொல்லையில் நின்ற முருங்கையைப் பாராட்டினார். சாப்பிடக் கூப்பிட்டதும், "வயிறு சரியில்லை, சிரமப்படாதீங்கோ, பழம் ஏதாவது இருந்தா போதும்" என்றார். வீட்டில் அன்றைக்கு இருந்த ஒரே பழம், எனக்குச் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்னதால் வாங்கி வைத்திருந்த மாதுளை. உட்கார்ந்து உரித்தேன். அவர் ஒரு முத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, "வெள்ளைத்தோல் ஒரு துளிகூட இல்லையே" என்று சொல்லிவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். அந்த ஒரு வாக்கியம் என் தலையெழுத்தாகிவிட்டது.

அதன் பிறகு அவர் எப்போது வந்தாலும் மாதுளைதான். வரும்போது பால்கோவா கொண்டு வருவார். அதை நாங்கள் வெட்கமில்லாமல் தின்போம். பதிலுக்கு அவர் நாங்கள் கொடுக்கும் மாதுளையை முத்து முத்தாகத் தின்பார். நான் என்ன காரணம் என்று மாப்பிள்ளையிடம் தனியாகக் கேட்டேன். நல்ல பையன், ஆனால் தன் தாயார் விஷயத்தில் வாயைத் திறக்க மாட்டார். பழம், பால், தயிர் என்றால் யார் வீட்டிலும் அம்மாவுக்குச் சரி, அடுப்பில் ஏற்றி உப்புப் போட்டுவிட்டால்தான் சிக்கல் என்று சொல்லிவிட்டுப் போனில் எதையோ பார்க்கத் தொடங்கிவிட்டார். மகளும், "அத்தை வெளிய எங்கயும் சாப்பிட மாட்டாங்கம்மா, மனசுல வச்சுக்காத" என்று சொல்லித்தான் இருந்தாள். புகுந்த வீட்டை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள் என்று என் மனைவி எடுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் மகளைக் காய் நறுக்க மட்டும் விடுகிறார்கள், சோறு வடிக்க விடுவதில்லை என்ற செய்தியும் வந்து சேர்ந்தது. "எம்புள்ள கையும் ஆகாதாமா?" என்று என் மனைவி கீழே வைத்த வேகத்தில் அன்றைக்கு ஒரு பாத்திரம் நெளிந்தது.

இதெல்லாம் ஒரு மனத்தாங்கலோடு போயிருக்கும். மகள் உண்டானதும் விஷயம் வேறாகிவிட்டது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்களுக்கு எழுதாத சட்டம். என் மனைவி அன்று ராத்திரியே ஒரு கணக்குப் போட்டுவிட்டாள். நம் வீட்டுச் சோறு தன் வாய்க்கு ஆகாது என்று நினைக்கிற அம்மா, தன் பேரப்பிள்ளையைச் சுமக்கிற மருமகளை மூன்று மாதம் அந்தச் சோற்றைத் தின்ன அனுப்புவாரா? மாட்டார். ஆகவே மகள் பிரசவத்துக்கு வீட்டுக்கு வர வேண்டுமானால், அதற்கு முன்னால் சம்பந்தியம்மா நம் வீட்டில் கை நனைத்தாக வேண்டும்.

"நேரா கேட்டிருவோமா?" என்றாள்.

நான்தான் வேண்டாம் என்றேன். படித்தவன் அல்லவா. இப்படிப்பட்ட விஷயங்களை நேராகக் கேட்கக் கூடாது, படிப்படியாகக் கொண்டுபோக வேண்டும் என்று விளக்கினேன். அவருக்கு எது சரியோ அதிலிருந்து தொடங்குவோம். மாதுளை சரி. மாதுளைச் சாறு சரியாகலாம். சாறு சரியென்றால் மாதுளை போட்ட தயிர். தயிர் சரியென்றால் அதில் ஒரு சிட்டிகை உப்பு. உப்பு உள்ளே போய்விட்டால் தாளிப்பு. தாளித்த தயிரில் சோறு விழுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? மாதுளையை ஏணியாக வைத்துத் தயிர்சாதம் வரை ஏறிவிடலாம் என்றேன். மனைவி என்னை நம்பினாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் செய்த பெரிய தப்பு அதுதான் என்று இப்போது சொல்கிறாள்.

முதல் படியிலேயே வழுக்கியது. சாற்றுக்கு நிறையப் பழம் உரிக்க வேண்டும் என்பதால் வேகமான வழி தேடினேன். மாதுளையை உரிக்க ஆயிரம் வழி இருக்கிறது, எல்லாமே வீடியோவில் சுலபமாக இருக்கும். பழத்தை இரண்டாக வெட்டிக் கவிழ்த்து முதுகில் கரண்டியால் அடித்தால் முத்துகள் மழையாகக் கொட்டும் என்று ஒருவர் சிரித்துக்கொண்டே காட்டுவார். அடித்தேன். முத்து கொட்டியது உண்மை. என் வெள்ளைச் சட்டையும் சுவரும் விபத்து நடந்த இடம் மாதிரி ஆகிவிட்டன. சரியான வழி, காம்புக்கு எதிர்ப்பக்கம் கிரீடம் மாதிரி இருக்கும் பகுதியை வட்டமாகச் சீவி எடுத்துவிட்டு, உள்ளே தெரியும் வெள்ளைக் கோடுகளின் மேலேயே தோலை மட்டும் மேலிருந்து கீழாகக் கீறி, பூ விரிகிற மாதிரி விரிப்பது. பிறகு தண்ணீருக்குள் வைத்து உதிர்த்தால் முத்து அடியில் தங்கும், வெள்ளைத்தோல் மேலே மிதக்கும். வேலை பாதி. ஆனால் எங்கள் வீட்டுத் தண்ணீர் பட்டால் பழம் பழமாகவே இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். மாப்பிள்ளையிடம் கேட்டேன். அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்று வரை சொல்லவில்லை. அதனால் உலர்ந்த கையோடு, நகத்தால், ஒவ்வொரு அறையாகத் திறந்து உரித்துக்கொண்டிருந்தேன். மாதுளைத் தோலின் கறை நகக்கண்ணில் ஏறினால் சோப்புக்கு மசியாது. கம்பெனியில் என் விரலைப் பார்த்து, டை அடிக்க ஆரம்பித்துவிட்டேனா என்று கேட்டார்கள். தலையில் அதற்கான அவசியம் முடிந்துபோய்ப் பல வருடமாகிறது.

அடுத்த படி சாறு. மிக்ஸியில் போட்டு ஒரு சுற்றுக்கு மேல் விட்டால் உள்ளிருக்கும் விதை உடைந்து துவர்த்துவிடும் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சிக்கல், எங்கள் மிக்ஸி ஜாரின் ரப்பர் வளையத்தில் மகள் கல்யாணத்துக்கு முன்னால் அரைத்த பூண்டின் வாடை இன்னும் குடியிருந்தது. எனவே கையால் பிழிவது என்று முடிவாயிற்று. பிழிய மெல்லிய, சுத்தமான வெள்ளைத் துணி வேண்டும். மெல்லிய வெள்ளைத் துணிக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? கம்பெனியில் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும் தரத்தில் புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியில் ஒரு துண்டு வாங்கி வந்தேன். முத்துகளை அதில் கட்டி, உருளிக்கு மேல் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினேன். துணி அழகாகச் சிவந்தது. பாத்திரத்தில் ஒன்றும் விழவில்லை. மறுபடி முறுக்கினேன். நாலைந்து சொட்டு விழுந்தது. ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதற்கென்றே வெளுத்துப் பதப்படுத்திய துணி அது. அந்தக் குணத்தைச் சோதித்து, சரியாக உறிஞ்சுகிறது என்று பார்த்த பிறகே சரக்கை லாரியில் ஏற்றுகிற பிரிவுக்கு நான் பொறுப்பாளன். என் மனைவி துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் பழைய நூல் சேலையில் ஒரு மூலையைக் கிழித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

சேலைத் துணியில் பிழிந்த சாற்றைச் சம்பந்தியம்மா டம்ளரைத் தூக்கி, உதட்டில் படாமல் குடித்தார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றார். எங்களுக்கு அது பட்டமளிப்பு விழா.

உற்சாகத்தில் நான் பாலுக்குத் தாவினேன். பால் சரி, மாதுளை சரி, இரண்டையும் கலந்தால் இரட்டிப்புச் சரி என்பது என் தர்க்கம். சூடான பாலில் சாற்றை ஊற்றினேன். மாதுளைச் சாறு இனிப்பாக இருந்தாலும் உள்ளே புளிப்பு உண்டு என்பதைப் பால் உடனே கண்டுபிடித்துத் திரிந்துபோனது. நல்ல காரியத்துக்கு நடுவில் பால் திரிவது சகுனத்துக்கு ஆகாது என்று என் மனைவி அதைக் கொட்டிவிட்டு வாசலில் தண்ணீர் தெளித்தாள்.

நடுவில் ஒரு நாள் மகளுக்கு வாந்தி நிற்கவில்லை என்று போன் வந்தது. மசக்கை வாந்திக்கு மாதுளை மணப்பாகு நல்லது என்று நாட்டு மருந்துக் கடைக்காரர் சொன்னார். மாதுளைச் சாற்றில் கற்கண்டு சேர்த்துத் தேன் பதத்துக்குக் காய்ச்சுவது. கடையில் பாட்டிலாக விற்கிறது. நான்தான் வீட்டில் காய்ச்சுவேன் என்று அடம்பிடித்தேன். இரும்புச் சத்தும் சேரட்டும் என்று இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்தேன். சிவப்பாக இருந்த சாறு கண்முன்னாலேயே கருத்தது. கிளறக் கிளற இன்னும் கருத்தது. மாதுளையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் எழுதுகிற மை கிடைக்கும் என்பதை நான் எங்கோ படித்திருக்கிறேன். படித்தது எதுவும் தேவைப்படுகிற நேரத்தில் என் நினைவுக்கு வந்ததில்லை. கர்ப்பிணிக்கு மை அனுப்ப முடியாது. கொட்டிவிட்டு, மறுபடி பழம் வாங்கி, எவர்சில்வர் பாத்திரத்தில் காய்ச்சி, பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தனுப்பினேன். மகளுக்கு வாந்தி மட்டுப்பட்டது. அதைவிட முக்கியமான செய்தி, மருந்துதானே என்று சம்பந்தியம்மாவும் ஒரு கரண்டி நக்கிப் பார்த்தாராம். என் மனைவி போனை வைத்துவிட்டு, "நம்ம அடுப்புல காய்ச்சுனது, பாத்துக்கிடுங்க" என்றாள். அடுப்பைத் தாண்டியாயிற்று. மிச்சம் உப்பும் சோறும்.

தயிரில் மாதுளை போட்டுச் சர்க்கரை தூவிக் கொடுத்ததைச் சம்பந்தியம்மா அடுத்த வருகையில் முழுதாகச் சாப்பிட்டார். கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே நான் அடுக்களைக்குப் போய் மனைவியிடம், அடுத்த தடவை சர்க்கரையோடு கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கல் உப்பு போட்டால் என்ன என்று கேட்டேன். அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தெரியாமப் போட்டா அது களவு. அவிய தெரிஞ்சு திங்கணும். அப்பத்தான் அது நம்ம உப்பு."

சரியென்று தலையாட்டினேன். ஆனால் இப்படிச் சட்டம் பேசிக்கொண்டிருந்தால் பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகுதான் சம்பந்தியம்மாவுக்கு இலை போட முடியும் என்று உள்ளுக்குள் பொருமினேன்.

பிறகு ஒரு நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வர வேண்டும் என்று நான் மாப்பிள்ளை வழியாகச் சொல்லி அனுப்பினேன். வருகிறேன் என்று சம்பந்தியம்மாவிடமிருந்து பதில் வந்தது. வருகிறேன் என்றுதான் வந்தது. எங்கள் காதில் அது சாப்பிடுகிறேன் என்று விழுந்தது. மனைவி முந்தின நாளே அடுக்களையைக் கழுவி விட்டாள். வாழைக்காய், சேப்பங்கிழங்கு, வெண்டைக்காய். தக்காளி அந்த வீட்டில் விசேஷ நாளில் சேர்க்க மாட்டார்கள் என்று மகள் சொன்னதால் ரசத்துக்கு மாதுளைச் சாறு. பருப்புத் தண்ணீரில் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, நுரை கட்டியதும் இறக்கி, கடைசியில்தான் சாற்றை ஊற்ற வேண்டும், கொதிக்க விட்டால் மணம் போய்விடும். அந்த ஒரு பண்டம் மட்டும் எனக்கு ஒழுங்காக வந்தது. தயிர்சாதத்துக்கு மாதுளை முத்தைத் தனிக் கிண்ணத்தில் வைத்தேன். முன்னாலேயே கலந்தால் சோறு முழுக்க அடிபட்ட ரத்தக்கட்டு மாதிரி ரோஸ் நிறம் ஏறிவிடும், பரிமாறும்போதுதான் தூவ வேண்டும். இவ்வளவும் தெரிந்து வைத்திருந்தேன்.

சம்பந்தியம்மா மாப்பிள்ளையோடு வந்தார். இலை போட்டிருப்பதைப் பார்த்தார். சங்கடப்பட்டது முகத்தில் தெரிந்தது.

"இன்னிக்கு ஏகாதசியாச்சே," என்றார்.

அடுக்களைச் சுவரில் தொங்கிய காலண்டரிலேயே போட்டிருந்தது. எண்ணெய் படிந்து கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் காலண்டரைப் பார்ப்பது அமாவாசைக்கும் கம்பெனி விடுமுறைக்கும். மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். சம்பந்தியம்மா, சொன்ன சொல்லுக்காக வந்தேன், பழம் இருந்தால் போதும் என்றார். தயிர்சாதத்துக்கென்று வைத்த முத்துகள் கிண்ணத்தில் இருந்தன. அவர் அதைத் தின்றார். நாங்கள் எட்டுப் பேருக்குச் சமைத்ததை நானும் மனைவியும் இரண்டு நாள் தின்றோம். ஏகாதசி என்று தெரிந்துதான் அந்த அம்மா வரச் சம்மதித்தார், வந்த மாதிரியும் ஆயிற்று, சாப்பிடாத மாதிரியும் ஆயிற்று என்பது என் மனைவியின் முடிவு. நான் அப்படியிருக்காது என்றேன். எனக்கே அவ்வளவு நிச்சயமில்லை.

சீமந்தத்துக்கு நாள் குறித்தார்கள். அந்த வீட்டில்தான் விசேஷம். எங்கள் பக்க வழக்கப்படி அன்றைக்குப் பெண்ணைப் பெற்றவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போக வேண்டும். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு என்று தூக்குகளில் கொண்டுபோய், சம்பந்தி வீட்டுக்காரர்களுக்குப் பரிமாறிவிட்டுப் பிள்ளையை அழைத்து வர வேண்டும். எங்கள் வீட்டுச் சோறு அந்த நிலைப்படியைத் தாண்டாது என்று ஆகிவிட்ட பிறகு எதைக் கட்டுவது? வளையல், சேலை, பூ, தாம்பூலம், கூடை கூடையாகப் பழம். சேத்தூரிலிருந்து வந்திருந்த என் அக்கா கூடைகளைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஏலே தம்பி, பிள்ளைய அழைக்கப் போறியா, ஆசுபத்திரில சீக்காளியப் பாக்கப் போறியா?"

"அங்க சமையக்காரர் வச்சிருக்காக, அக்கா."

"சோறு இல்லாம அழைச்சா அந்தப் புள்ள எப்படிலே வரும்? நாளைக்கு அனுப்ப மாட்டோம்னு சொல்லிட்டா எந்த முகத்தை வச்சுக்கிட்டுத் திரும்புவ?"

வேனில் கிளம்பினோம். என் மனைவி மடியில் மாதுளைக் கூடையை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். திரும்பும்போது பக்கத்து இருக்கையில் மகள் இருப்பாளா, கூடை மட்டும் இருக்குமா என்பதுதான் அவள் யோசனை. எனக்கும் அதேதான்.

அங்கே சடங்கெல்லாம் நன்றாக நடந்தது. மகள் வளையல் அடுக்கிய கையோடு, முகம் பூசினாற்போல் இருந்தாள். கண் நிறைந்தது. பந்திக்கு இலை போடுகிற நேரத்தில் சமையல்காரர் தயிர்சாதத்துக்கு மாதுளை உரிக்க ஆளில்லை என்று சத்தம் போட்டார். சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். "சம்பந்தி உரிச்சாத்தான் நன்னா இருக்கும்" என்றார். பெண்ணைப் பெற்றவன் மாலை மரியாதையோடு முன்வரிசையில் உட்கார வேண்டிய நேரத்தில், பட்டு வேட்டியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்து உரித்தேன். என் அக்கா அந்தப் பக்கமாக மூன்று தடவை தண்ணீர் எடுக்கப் போனாள். அவளுக்கு அவ்வளவு தாகம் இல்லை.

பந்தி முடிந்தது. நாங்கள் எல்லோரும் அந்த வீட்டுச் சோற்றைத் தின்றோம், நன்றாகவே இருந்தது. உரித்த தோல்களை அள்ளிக் கொட்டலாம் என்று கொல்லைப்பக்கம் போனேன். அங்கே சமையல்காரரின் பெரிய அடுப்புகளுக்கு அப்பால், ஓடு வேய்ந்த சின்ன அறையில் ஒரு ஒற்றை அடுப்பில் வெண்கலப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. சம்பந்தியம்மா ஈரச் சேலையோடு அதற்கு முன்னால் நின்றார். வாசலுக்கு இந்தப் பக்கம், உள்ளே கால் வைக்காமல், என் மனைவி நின்றாள். கை கழுவ வந்தவள் பார்த்துவிட்டு நின்றுபோயிருக்க வேண்டும்.

"நீங்க இன்னும் சாப்பிடலையா?" என்று கேட்டாள்.

"இதோ, வடிச்சுட்டா ஆச்சு."

"அம்புட்டுப் பேருக்கும் அங்க ஆக்கிக் கெடக்கே. அதுல நீங்க சாப்பிடலையா?"

"நான் பண்ணினதை மட்டுந்தான் சாப்பிடறது. இந்தாத்துக்கு வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து அப்படித்தான். உங்க பொண்ணு வடிச்சாலும் எனக்குத் தனியா வடிச்சுக்கணும், ரெண்டு வேலை எதுக்குன்னு அவளை விடறதில்லை."

நான் தோல் நிறைந்த முறத்தோடு போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றேன்.

"எங்க வீட்டுச் சோறுதான் உங்களுக்கு ஆகாதுன்னு நெனச்சேன்," என்றாள் என் மனைவி.

சம்பந்தியம்மா கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"என் கூடப்பொறந்தவ ஆத்துலயே நான் சாப்பிடறதில்லை. அவ கோச்சுண்டு பேசறதையே விட்டுட்டா. நீங்களாவது கோச்சுக்காம ஒவ்வொரு தடவையும் மாதுளம்பழம் கொடுத்தேள்."

"அப்ப எம்மகள அனுப்புவீகளா?"

"யாரு அனுப்பலைன்னா? பெட்டி கட்டி வாசல் ரேழில வச்சிருக்கு, பாக்கலையா? பிரசவத்துக்குப் பொறந்தாத்துக்குப் போகாம எங்க போவா? அதுக்கும் இதுக்கும் என்ன?"

அதுக்கும் இதுக்கும் என்ன. நானும் அதைத்தான் நினைத்தேன், ஆனால் வேறு தொனியில். சாறு, திரிந்த பால், மை, ரசம், நகக்கண்ணின் கறை, எல்லாம் திறந்தே கிடந்த ஒரு கதவைத் தள்ளுவதற்காக. என் மனைவி என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாததிலேயே, நேராகக் கேட்டிருவோமா என்று முதல் நாளே சொன்னது யார் என்ற கேள்வி முழுதாக இருந்தது.

சம்பந்தியம்மா அடுப்பைக் கொஞ்சம் தணித்தார். பிறகு பானையைப் பார்த்துக்கொண்டே, எங்களிடம் சொல்வது போலவும் இல்லாமல் சொன்னார்.

"வலி கண்டா உடனே சொல்லி அனுப்புங்கோ. கொழந்தை பொறக்கறச்சே பக்கத்துல இருக்கணும்னு எனக்கும் ஆசை. ராத்திரி உங்காத்துல தங்கறாப்பல ஆனா, நாலு நாள் பழத்துல ஓட்டிடுவேன். எனக்குப் பழக்கம்தான்."

அவருக்கு இப்படி ஒரு ஆசை இருக்கும் என்பது என் ஏணியில் எந்தப் படியிலும் இல்லை.

"பழத்துல எதுக்கு ஓட்டணும்?" என்றாள் என் மனைவி. "பின்னால ஒரு ரூம்பு சும்மாதான் கெடக்கு. கழுவி விட்டு, அடுப்பு ஒண்ணு போட்டுத் தாரேன். பாத்திரம் புதுசு வாங்கி வைக்கேன், ஒருத்தரும் தொட மாட்டோம். உங்க கையாலயே ஆக்கிச் சாப்பிடுங்க. அரிசி மட்டும் எங்களோடதா இருக்கட்டும்."

கஞ்சி பொங்கி வழியப் பார்த்தது. சம்பந்தியம்மா மூடியை நகர்த்தினார். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தார். இன்னொரு பருக்கையையும் நசுக்கினார். நான் முறத்தை மறு இடுப்புக்கு மாற்றினேன்.

"பச்சரிசிதானே?" என்று கேட்டார்.

"ஆமா," என்றாள் என் மனைவி, கொஞ்சமும் தயங்காமல். சொல்லிவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் வீட்டில் மூட்டை மூட்டையாக இருப்பது அத்தனையும் புழுங்கல்.